லோங்காங்கைச் சுத்தம் செய்யச் சொன்னது யார்

ராதாகிருஷ்ணன் சொல்லி யாரும் எதையும் கேட்டதாகச் சரித்திரம் கிடையாது. அவர் வாயைத் திறந்தாலே மனைவி தாமரை மிக்ஸியைப் போட்டுவிடுவாள். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் மகள் அர்ச்சனா போனில் "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாள். கோயில் கமிட்டிச் செயலாளர் பதவிக்கு மூன்று தடவை நின்றார். கடைசித் தடவை நான்கு ஓட்டு விழுந்தது. அதில் ஒன்று அவருடையது, இன்னொன்று தாமரையுடையது என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தார். தன் ஓட்டை எதிர்த்து நின்றவருக்குத்தான் போட்டதாக, ஒருநாள் ரசம் ஊற்றும்போது அவள் சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அவர் பேசுவதில் முக்கால்வாசி முணுமுணுப்பு. வெயிலடித்தால் வெயில், மழை பெய்தால் மழை. இரண்டும் இல்லையென்றால், இப்படி மப்பும் மந்தாரமுமாக இருந்தால் துணி எப்படிக் காயும் என்பார். அறுபத்தொரு வயது வரை இப்படியே ஓட்டிவிட்டார். இனிமேல் நிறுத்தச் சொன்னால் உடம்புக்கு ஆகாது.

கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையின் ஹாஸ்டலுக்கு அவர் வார்டன். மூன்று மாடி, பதினான்கு அறை, நாற்பத்தாறு ஆண்கள். அத்தனை பேரும் நேபாளத்தின் மேற்குச் சமவெளியிலிருந்து வந்தவர்கள், தாரு என்ற இனத்தார். பதிவேட்டில் முக்கால்வாசிப் பேருக்குப் பெயருக்குப் பின்னால் சௌத்ரி என்று இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முற்றத்தில் நின்று "சௌத்ரி!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். மூன்று மாடியிலும் கதவு திறந்தது. அன்றிலிருந்து அறை நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவது. ஹாஸ்டலை ஒட்டி இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். வேலை போனால் அந்த வீடும் போகும்.

இந்த வருடம் ஜனவரி நடுவிலிருந்து அந்த ஹாஸ்டலில் விநோதமான காரியங்கள் நடக்க ஆரம்பித்தன.

முதலில் சைக்கிள். மாடிப்படிக்குக் கீழே கண்டபடி போட்டுவிட்டுப் போவார்கள். நான்கு வருடமாக மலாயிலும் ஆங்கிலத்திலும் நோட்டீஸ் ஒட்டிப் பார்த்தார். நோட்டீஸ் மேலேயே சைக்கிளைச் சாய்த்தார்கள். ஒருநாள் காலையில் ஏழாம் நம்பர் அறை கிஷனிடம், "ஒருநாள் நான் இதுல தடுக்கி விழுந்து பல்லு போகப் போவுது, அப்பதான் ஒங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று அலுத்துக்கொண்டார். சாயங்காலம் பார்த்தால் பதினேழு சைக்கிளும் சுவரோரம் வரிசையாக, முன்சக்கரம் ஒரே பக்கம் திரும்பியபடி நிற்கின்றன.

அப்புறம் பாட்டுச் சத்தம். அதற்கப்புறம் குப்பைத் தொட்டி. காலையில் முணுமுணுத்தால் மாலைக்குள் ஆகிவிட்டது. ராதாகிருஷ்ணனுக்குச் சந்தோஷம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. தன் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அப்படி ஒன்று அவர் வாழ்க்கையில் நடந்ததில்லை அல்லவா.

இந்தக் கிஷன் முப்பத்தெட்டு வயது ஆள். மலேசியாவுக்கு வந்து எட்டு வருடம். மலாயும் உடைந்த தமிழுமாக ராதாகிருஷ்ணனிடம் பேசுவான். பொங்கல் முடிந்த மறுநாளிலிருந்து தினமும் காலையில் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "அங்கிள், இன்னிக்கி என்ன?" என்று கேட்க ஆரம்பித்தான். காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைத்தால் ராதாகிருஷ்ணன் விடுவாரா? பத்து நிமிடம் கொட்டித் தீர்ப்பார். கிஷன் இமைக்காமல் கேட்டுவிட்டுப் போவான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு எட்டுப் பேர் மண்வெட்டியோடு வந்து, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் லாலாங் புல் மண்டிக்கிடந்த இடத்தைக் கொத்திப் பாத்தி கட்டிக் கொடுத்தார்கள். தாமரைக்கு வெண்டை போட இடம் கிடைத்தது. எதற்கு இதெல்லாம் என்று கேட்டதற்கு, "ஒருநாள் வேல அங்கிள். பழக்கம்" என்று சிரித்துவிட்டு, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

"இவனுங்களுக்கு என்னமோ வேணும்," என்றார் ராதாகிருஷ்ணன். "சும்மா யாராச்சும் வேல செய்வானா? எதையோ மனசுல வச்சிருக்கானுங்க."

"வெண்டக்கா நல்லா வந்தா சரி," என்றாள் தாமரை.

மார்ச் மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஹாஸ்டலுக்குப் பின்னால் போகும் லோங்காங், அதாவது சாக்கடை, அடைத்துக்கொண்டு அந்தத் தண்ணீர் கீழ்த்தள அறைகளுக்குள்ளும் தாமரையின் சமையலறைக்குள்ளும் வந்தது. ராதாகிருஷ்ணன் ஆபீஸுக்கு மூன்று கடிதம் எழுதினார். அதிகாரிகள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை கிஷன் வந்து நின்றபோது அவர் முழங்கால் வரை கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது லா. இந்த ஞாயித்துக்கெழமையாவது யாராச்சும் எறங்கி இந்த லோங்காங்க சுத்தம் பண்ணித் தொலைக்கக் கூடாதா? இத்தன பேர் இருக்கானுங்க, எதுக்கு இருக்கானுங்க?"

"சரி அங்கிள்," என்றான் கிஷன்.

அந்த ஞாயிறு கணவனும் மனைவியும் காலையிலேயே கொமுட்டர் ரயில் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாலை திரும்பி வந்து பார்த்தால் லோங்காங்கில் அடிச் சிமெண்ட் தெரிகிறது. தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. அள்ளிய சேறு கறுப்புப் பைகளில் கட்டி ஓரமாக அடுக்கப்பட்டிருக்கிறது. ராதாகிருஷ்ணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மூன்று கடிதம் வீண்போகவில்லை! உடனே போனை எடுத்து நான்கு பக்கமும் படம் பிடித்து, எச்.ஆர். மேனேஜர் ஜெயராஜுக்கு அனுப்பிவைத்தார். கூடவே, 'தேங்க்யூ பாஸ். சொன்னதும் ஆள் அனுப்பிட்டீங்க.'

மேனேஜர் பார்த்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக நீலக் குறி இரண்டு விழுந்தது. பதில் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஜெயராஜே நேரில் வந்துவிட்டார். நாற்பது வயது மனிதர், எப்போதும் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கும். வந்ததும் வராததுமாகப் போனை நீட்டினார். ராதாகிருஷ்ணன் அனுப்பிய அதே படம்.

"மிஸ்டர் ராதா, என்னா இது?"

"லோங்காங் பாஸ். நீங்க ஆள் அனுப்பி..."

"நான் எங்க அனுப்புனேன்? நேத்து பதினாலு பேர் ஓ.டி.க்கு வரல, தெரியுமா? ரெண்டு மெஷின் நின்னு போச்சு. போர்ட்டுக்குப் போக வேண்டிய கொண்டேனர் லோரி போகல. பதினாலு பேரும் இங்க லோங்காங்குல எறங்கிக்கிட்டு இருந்திருக்கானுங்க."

ராதாகிருஷ்ணன் வாயைத் திறந்தார். ஜெயராஜ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதுவும் எப்படி தெரியுமா? பதினாலு ரூம், பதினாலு ஆளு. ரூமுக்கு கரெக்ட்டா ஒருத்தன். ஒரே ரூம்ல ரெண்டு பேர் இல்ல, ஒரு ரூம்கூட விட்டுப் போகல. இது தானா நடக்குற காரியமா? யாரோ பின்னால இருந்து ஆர்டர் போட்டிருக்கான். இன்னிக்கி லோங்காங், நாளைக்கி ஸ்ட்ரைக்கு."

சி.சி.டி.வி. படமும் காட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிஷன் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போகிறான். கதவு திறக்கிறது, இரண்டு வார்த்தை, அடுத்த கதவு.

"இவன் போஸ்ட்மேன். லெட்டர் எழுதுனவன் எனக்கு வேணும்," என்றார் ஜெயராஜ். "புதன்கெழம பத்து மணிக்கு வருவேன். நீங்க பேர் சொல்லணும். அவன் பெர்மிட்ட கான்சல் பண்ணி அன்னிக்கே பிளைட்டு ஏத்திடுவேன். பேர் கெடைக்கலன்னா கதவத் தட்டுனவன்தான் தலைவன். கிஷன் போவான்."

கிஷனின் புது ஒப்பந்தம் தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் அவன் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரை போடவில்லை. அந்த வீட்டின் படத்தை அவன் காட்டாத ஆள் ஹாஸ்டலில் கிடையாது. ராதாகிருஷ்ணனே பத்துத் தடவை பார்த்து, ஜன்னல் சின்னதாக இருக்கிறது என்று பத்துத் தடவையும் குறை சொல்லியிருக்கிறார்.

அன்று மத்தியானமே அவனைப் பிடித்தார்.

"யார்ரா ஒனக்கு ஆர்டர் குடுத்தது?"

கிஷன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். "பட்கர் சொன்னாரு அங்கிள்."

"எந்த ரூம்?"

கிஷன் லேசாகச் சிரித்தான். ரகசியம் இருவருக்கும் தெரியும், எதற்கு வாய்விட்டுச் சொல்வது என்பது போன்ற சிரிப்பு. ராதாகிருஷ்ணன் பதிவேட்டை எடுத்துவைத்து நாற்பத்தாறு பெயரையும் விரல் வைத்துப் படித்தார். பட்கர் என்று ஒருவரும் இல்லை. மூன்றாம் நம்பர் அறைக்குப் போய்க் கேட்டார். பட்கர்தான் சொன்னார் என்றார்கள். யார் அவர் என்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினோராம் நம்பர் அறையில் ஒருவன் எழுந்து நின்று நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தான். எதற்குக் குனிகிறான் என்று புரியவில்லை. ஐந்தாம் நம்பரில் வாய்விட்டே சிரித்துவிட்டு, சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார்கள்.

"இங்க இருக்கற ஒருத்தன்தான், ஆனா எவன்னு சொல்ல மாட்டேங்குறானுங்க," என்று தாமரையிடம் புலம்பினார். "கேட்டா சிரிக்கிறானுங்க. ஒருத்தன் கும்புடுறான். எனக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சா, இல்ல அவனுங்களுக்கா?"

தாமரை மிக்ஸியைப் போடவில்லை. கிஷன் பெயர் அடிபட்டதிலிருந்து அவளும் கவலையில்தான் இருந்தாள். "சந்துல பொந்துல தேடாதீங்க. அந்தக் கிஷனையே இங்க கூப்புட்டு ஒக்கார வச்சு கேளுங்க," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிஷன் குவார்ட்டர்ஸுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். நாளை பத்து மணிக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை ராதாகிருஷ்ணன் விளக்கிச் சொன்னார். கிஷன் தலையாட்டிக்கொண்டே கேட்டான்.

"சரி அங்கிள். நான் போறேன்."

"எங்க போற?"

"ஊருக்கு. மேனேஜர்கிட்ட நான் சொல்றேன், நான்தான் தலைவன். பட்கர குடுக்க முடியாது. பழக்கம் இல்ல."

ராதாகிருஷ்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒனக்கு அறிவு இருக்கா? கூர போடாத வீட்ட வச்சுக்கிட்டு, எவனோ ஒருத்தனுக்காக நீ போவியா? அப்படி எவன்டா அந்தப் பட்கர்? இப்பவே எனக்குக் காட்டு. இப்பவே!"

அப்போதுதான் கிஷனின் முகம் மாறியது. அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறார் என்பது அவனுக்கு அந்த நிமிடத்தில்தான் புரிந்தது. இப்போது குழப்பம் அவன் பக்கம் தாவியது. அவரையும் தாமரையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டு மேசைமேல் வைத்தான்.

பொங்கலன்று எடுத்தது. அவர்களுக்கும் அன்றைக்குத்தான் மாகி, புது வருடம். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ராதாகிருஷ்ணன் சர்க்கரைப் பொங்கல் பானையோடு உள்ளே வருகிறார். அவரை நடுவில் உட்கார வைக்கிறார்கள். உப்பில்லாத கொழுக்கட்டை மாதிரி ஒன்றைக் கொடுக்கிறார்கள். அதைத் தின்றுகொண்டே, பகலில் எதற்கு லைட் எரிகிறது என்று அவர் திட்டுவது நன்றாகக் கேட்கிறது. யாரோ ஒருவர் எழுந்து ஏதோ சொல்கிறார். கைகள் உயர்கின்றன. எல்லாக் கைகளும். ஒருவர் வந்து அவர் தலையில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டிவிடுகிறார். ராதாகிருஷ்ணன் பெரிய மனுஷத் தோரணையில் கும்பிட்டுவிட்டு, அடுத்த கொழுக்கட்டையை எடுக்கிறார்.

"அது பொன்னாடதானே?" என்றார் அவர். "வந்தவங்களுக்கு மரியாதைக்குப் போடுவாங்களே... நம்ம மண்டபத்துல போடுற மாதிரி..."

"இல்ல அங்கிள். அது பட்கர்."

கிஷன் தன்னிடமிருந்த மலாயையும் தமிழையும் திரட்டிச் சொல்லிமுடித்தான். அவர்கள் ஊரில் ஒவ்வொரு மாகிக்கும் வீட்டுக்கு ஒருவர் கூடி, போன வருடத்தைப் பேசிப் பார்த்து, வரும் வருடத்துக்கு ஒரு பட்கரைத் தேர்ந்தெடுப்பார்கள். எனக்குக் கொடு என்று கேட்கிறவருக்குக் கொடுப்பதில்லை. வாய்க்கால் வெட்டுவது, சாலை போடுவது, சண்டை தீர்ப்பது எல்லாம் பட்கர் பொறுப்பு. பட்கர் ஒரு வேலை சொன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். அந்தச் சொல்லை வீடு வீடாகக் கொண்டுபோகிறவன் சௌகிதார். இந்த ஹாஸ்டலில் அறைதான் வீடு. சௌகிதார் கிஷன். பட்கருக்குச் சம்பளம் கிடையாது, அவர் வயலில் எல்லாரும் ஒருநாள் வேலை செய்து கொடுப்பார்கள். ராதாகிருஷ்ணனுக்கு வயல் இல்லாததால் லாலாங்கைக் கொத்தினார்கள்.

"போன வருஷம் பரசுராம் பட்கர். டிசம்பர்ல பெர்மிட்டு முடிஞ்சிச்சு, போயிட்டாரு. எங்க ஆளு எல்லாம் இப்படித்தான், பாதியில போயிடுவான். அங்கிளுக்கு இங்க வீடு இருக்கு."

"வீடு இருந்தா போதுமாடா? நான் உங்கள நாள் முழுக்கத் திட்டிக்கிட்டுல்ல இருக்கேன்!"

"ஆமா. ரூம் ஒம்பது ஆளு மெஷின்ல கை மாட்டிச்சு. ஆஸ்பத்திரில மூணு நாளு அங்கிள் ஒக்காந்திருந்தீங்க. மூணு நாளும் திட்டுனீங்க." கிஷன் கொஞ்சம் யோசித்தான். "ஆனா ஒக்காந்திருந்தீங்க."

ராதாகிருஷ்ணன் எழுந்து போய் ஜன்னல் வழியாக லோங்காங்கைப் பார்த்தார். அதைச் சுத்தம் செய்யச் சொன்னது யார் என்று இரண்டு நாளாகப் பதினான்கு அறையிலும் தேடிய மனிதர் அவர். மேனேஜருக்குப் படம் பிடித்து அனுப்பியதும் அவரேதான். கடைசியில் எல்லாம் தன் வாயில் வந்து முடிகிறது. பயமாக இருந்தது. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. நாற்பத்தாறு கைகள் உயர்ந்ததை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. இந்த நேரத்தில் சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

கிஷன் போனபிறகு ராதாகிருஷ்ணன் தாமரையிடம் திரும்பினார்.

"அந்தப் பரசுராம் பேர சொல்லிடட்டுமா? அவன்தான் ஊருக்குப் போயிட்டானே," என்றார் அவர்.

"டிசம்பர்ல போனவன் மார்ச்சுல எப்படி ஆர்டர் போடுவான்? ஜெயராஜ் என்ன கொழந்தையா?" சொல்லிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நாப்பத்தாறு ஓட்டு. அடேயப்பா. தமிழ் சரியா புரியாததால தப்பிச்சீங்க." கேலிதான். ஆனால் அன்று மாலையே அலமாரியைத் திறந்து, அர்ச்சனா வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய சாமான் எது, வேண்டாதது எது என்று பிரிக்கத் தொடங்கினாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு ஜெயராஜ் வந்தார். அந்த நேரம் ஷிஃப்ட் இல்லாமல் ஹாஸ்டலில் இருந்த முப்பத்தொரு பேரையும் முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார். வெயில் சுள்ளென்று அடித்தது. கிஷன் முன்வரிசையில், இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். விமானம் ஏறத் தயாராகிவிட்டான் என்று பார்த்தாலே தெரிந்தது.

"சொல்லுங்க மிஸ்டர் ராதா. யாரு?"

"நான்தான் பாஸ்."

"என்ன நீங்கதான்?"

"ஆர்டர் போட்டது நான்தான். இவங்களுக்குத் தலைவரு நான். பொங்கலன்னிக்கி ஓட்டுப் போட்டு எடுத்தாங்க. எனக்கே நேத்துதான் தெரியும்."

ஜெயராஜ் சிரித்தார். உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அங்கிள், வெளாட்டு வேணாம் லா. எவனையோ காப்பாத்தப் பாக்குறீங்க. ஒங்க பேச்ச ஒங்க வீட்டுலயே யாரும் கேக்க மாட்டாங்க. இவனுங்களா கேப்பானுங்க?"

ராதாகிருஷ்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. தாமரை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற கிஷன் பக்கம் சாய்ந்து, தினமும் காலையில் சொல்வது போலவே, தனக்குத்தானே பேசுவது போல முணுமுணுத்தார்.

"இந்த வெயில்ல எதுக்குத்தான் எல்லாரையும் நிக்க வச்சிருக்காங்களோ. ஒக்காந்தா என்ன, கொறஞ்சா போயிடும்?"

கிஷன் திரும்பித் தன் மொழியில் இரண்டே வார்த்தை சொன்னான். முப்பது பேரும் உட்கார்ந்தார்கள். கடைசியாகக் கிஷனும் உட்கார்ந்தான். முற்றத்தில் நின்றுகொண்டிருந்தது இரண்டு பேர் மட்டும்தான்.

ஜெயராஜின் சிரிப்பு நின்றுபோனது. "பாங்குன்!" என்று மலாயில் கத்தினார். "எந்திரிங்க எல்லாரும்!"

யாரும் அசையவில்லை. ஜெயராஜை அவர்கள் பார்க்கவே இல்லை. முப்பத்தொரு முகமும் ராதாகிருஷ்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தன. கோயில் கமிட்டியில் ஜெயித்திருந்தால் என்னவெல்லாம் பேச வேண்டும் என்று இருபது வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். அதில் ஒரு வரிகூட இப்போது உதவவில்லை. இவர்கள் எழுந்திருக்காவிட்டால் இது ஸ்ட்ரைக். அப்புறம் போவது ஒரு கிஷன் இல்லை, முப்பத்தொரு பேர். அது மட்டும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"எந்திரிச்சு ஷிஃப்டுக்கு ரெடியாவுங்கப்பா," என்றார். "மணி ஆவுது. பஸ்ஸு வந்துடும்."

எழுந்தார்கள். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்.

பெர்மிட் ரத்துக்குக் கொண்டுவந்திருந்த படிவம் ஜெயராஜ் கையில் இருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. பேனாவைத் திறந்தார், மூடினார்.

"ஒங்கள நான் எந்த ஊருக்கு டிக்கெட் போட்டு அனுப்புறது?"

"எனக்குக் கிள்ளான்தான் பாஸ் ஊரு," என்றார் ராதாகிருஷ்ணன். "இங்கதான் பொறந்தேன்."

சரியாக ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மாதக் கடைசியோடு வேலை இல்லை, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கிஷனை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். சாமான் ஏற்ற லோரி வந்த அன்று அறைக்கு ஒருவராகப் பதினான்கு பேர் வந்து, பத்தே நிமிடத்தில் ஏற்றிவிட்டார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். ஷிஃப்டுக்குத் தொந்தரவில்லாத நேரமாகப் பார்த்து லோரியை வரச் சொல்லும்படி கிஷனிடம் அவரே முணுமுணுத்திருந்தார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் மகளின் ஃபிளாட் பதினோராவது மாடியில். அங்கே முணுமுணுக்க விஷயத்துக்குப் பஞ்சமில்லை: லிஃப்ட் மெதுவாக வருகிறது, மோனோரயில் சத்தம், கீழே பூக்கடைக்காரர்கள் நடைபாதையை அடைத்துக்கொள்கிறார்கள். யாரும் கேட்கவில்லை. அர்ச்சனா வீட்டு மிக்ஸி தாமரையுடையதைவிடச் சத்தம் அதிகம். தான் எதற்கு வேலையை விட்டோம், யாருக்காக விட்டோம், நாற்பத்தாறு பேர் ஒரு நாள் கை தூக்கினார்களே அது நிஜம்தானா என்று சில நாள் அவருக்கே சந்தேகமாக இருந்தது.

ஏப்ரல் மாதம் இரண்டாவது ஞாயிறு காலை காவலாளி கீழேயிருந்து கூப்பிட்டார். மூன்று நேபாளிகள் வந்திருக்கிறார்கள், அங்கிளைத்தான் பார்க்க வேண்டுமாம்.

கீழே போனார். கிஷன் நின்றான். பின்னால் ஐந்தாம் நம்பர் அறை ஆள் ஒருவனும் பத்தாம் நம்பர் அறை ஆள் ஒருவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். நடுவில் ஒரு ரைஸ் குக்கர். கிள்ளானிலிருந்து கொமுட்டரில் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"ரெண்டு பேரும் என்னோடதுன்னு சொல்றான்," என்றான் கிஷன். "நாலு நாளா ரெண்டு ரூமும் பேசல."

"அதுக்கு என்கிட்ட எதுக்குடா வந்தீங்க? எனக்குத்தான் வேல போயிடுச்சே. அங்க நான் யாரு?"

"வேல கம்பெனி குடுத்துச்சு, கம்பெனி எடுத்துச்சு," என்றான் கிஷன். "பட்கர் நாங்க குடுத்தது. மாகி வரைக்கும் அங்கிள்தான்."

லிஃப்ட் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் ராதாகிருஷ்ணன் உட்கார்ந்தார். கிஷன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு ரைஸ் குக்கருக்காக இத்தனை தூரமா, அதுவும் மூடியில் கைப்பிடிகூட இல்லாத இந்தச் சனியனைத் தூக்கிப் போட்டு உடைத்தால்தான் என்ன என்று வழக்கமான முணுமுணுப்பு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

கிஷன் இமைக்காமல் காத்திருந்தான். சொன்னால் உடைத்துவிடுவான். ராதாகிருஷ்ணன் வாயை மூடிக்கொண்டு, அறுபத்தொரு வயதில் முதல்முறையாக, பேசுவதற்கு முன்னால் யோசிக்க ஆரம்பித்தார்.